பழைய புரோகிராம் உடையாமல் டிரைவரின் கட்டளையை மாற்றுவது எப்படி?

லினக்ஸில் ரீட், ரைட் இரண்டிலும் அடங்காத வேலையை டிரைவரிடம், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளிடம், சொல்ல ஐஓசிடிஎல் (ioctl) கட்டளைகள் இருக்கின்றன. அவற்றை எழுதுவது எளிது. ஏற்கெனவே வெளியிட்டுவிட்ட கட்டளையை மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். டிரைவர் புதிதாகிவிடும், அதைக் கூப்பிடும் புரோகிராம் பழையதாகவே இருக்கும். அதைத் திரும்ப கம்பைல் செய்ய ஆள்கூட இருக்காது.

ஒரு ஃபேன் டிரைவரை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டளையோடு போகும் ஸ்ட்ரக்டில் (தரவுத் தொகுப்பில்) ஃபேன் எண், வேகம் என இரண்டு 32 பிட் புலங்கள், மொத்தம் 8 பைட். இப்போது வேகம் எத்தனை மில்லிசெகண்டில் ஏற வேண்டும் என்று மூன்றாவது புலமும் வேண்டும்.

படி 1: பழைய ஸ்ட்ரக்டைத் தொடாதீர்கள்.

நான் முதல் தடவை தொட்டேன். அதுவரை நன்றாக ஓடிய புரோகிராம் 25ஆம் எண் பிழையோடு நின்றது. 'இந்தச் சாதனத்துக்கு இப்படி ஒரு கட்டளை கிடையாது' என்று அர்த்தம். காரணம் கட்டளை எண்ணுக்குள்ளேயே இருந்தது. அது 32 பிட் எண். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) ப்ராசஸரில் கீழ் 8 பிட் வரிசை எண், அதற்கு மேல் 8 பிட் டிரைவரின் அடையாள எழுத்து, அடுத்த 14 பிட் ஸ்ட்ரக்டின் அளவு, உச்சியில் 2 பிட் தரவு போகும் திசை. அளவு 8இலிருந்து 12 ஆனதும் கட்டளையின் எண்ணே மாறிவிட்டது. பழைய புரோகிராம் கேட்ட எண் டிரைவரில் இல்லை.

படி 2: புதிய ஸ்ட்ரக்ட், புதிய வரிசை எண்.

மூன்று புலங்களோடு, பின்னால் தேவைப்படலாம் என்று ஒரு 32 பிட் காலிப் புலமும் வையுங்கள். அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் பிழை சொல்லித் திருப்பி அனுப்புங்கள். இதை விட்டுவிட்டால் யாராவது குப்பை மதிப்போடு அனுப்பிப் பழகிவிடுவார்கள். அப்புறம் அந்தப் புலத்துக்கு நீங்கள் ஒரு அர்த்தம் கொடுக்கவே முடியாது.

படி 3: இரண்டு கட்டளையும் ஒரே ஃபங்ஷனுக்குப் போகட்டும்.

பழையது வந்தால் புதிய ஸ்ட்ரக்டை முழுக்கப் பூஜ்யமாக்கி, இரண்டு புலங்களை மட்டும் நிரப்புங்கள். ஏறும் நேரம் 0 என்றால் 'உடனே மாறு'. பழைய டிரைவர் செய்ததும் அதுதான். 500 மில்லிசெகண்டை எல்லோருக்கும் இயல்பாக வைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். உடனே மாறும் என்று நம்பி எழுதிய புரோகிராம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். வேண்டியவர்கள் புதிய கட்டளையில் 500 என்று கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

படி 4: 64 பிட் கர்னலில் 32 பிட் புரோகிராம்.

நம் புலங்கள் எல்லாம் 32 பிட் என்பதால் 32 பிட் புரோகிராமிலும் 64 பிட் கர்னலிலும் (லினக்ஸின் மையப் பகுதியிலும்) ஸ்ட்ரக்டின் அளவு ஒன்றே. 32 பிட் புலத்தை அடுத்து 64 பிட் புலம் வைத்திருந்தால், எக்ஸ்86இல் 32 பிட் பக்கம் 12 பைட், 64 பிட் பக்கம் 16 பைட் ஆகியிருக்கும். அப்படி வந்தால் நடுவில் 32 பிட் காலிப் புலத்தை நீங்களே போட்டுவிடுங்கள்.

படி 5: சோதனை.

பழைய புரோகிராமை கம்பைல் செய்யாமல், பழைய பைனரியாகவே எஸ்ட்ரேஸில் (புரோகிராம் கர்னலைக் கூப்பிடுவதைக் காட்டும் strace கருவியில்) ஓட்டுங்கள். அதே கட்டளை எண் போய், 0 திரும்பி வர வேண்டும். ஃபேனையும் பாருங்கள், சட்டென்று வேகம் மாறுகிறதா என்று. சரி என்றால் அந்த பைனரியை அழிக்காமல் வைத்திருங்கள், அடுத்த மாற்றத்துக்கும் அதுதான் சோதனை.