எலும்பு எங்கே? முதுகெலும்பில்லா உயிர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழி

உலகில் உள்ள விலங்கினங்களில் 95 சதவீதத்துக்கும் மேல் முதுகெலும்பு இல்லாதவைதான். ஆனால் பிள்ளைகளின் படப்புத்தகங்களில் யானை, சிங்கம், கிளி, மீன் என்றுதான் பெரும்பாலும் வருகிறது. ஐந்திலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ‘முதுகெலும்பு கிடையாது’ என்று வாயால் சொன்னால் மனதில் நிற்காது. விரலால் தேடிப் பார்த்து, அவர்களே ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

படி 1: முதலில் தன் முதுகு

பிள்ளையைக் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். கழுத்துக்குப் பின்னாலிருந்து விரலை மெல்லக் கீழே இறக்கினால் கணுக்கணுவாகத் தட்டுப்படும். “இது ஒரே நீள எலும்பாக இருந்தால் உன்னால் குனிய முடியுமா?” என்று கேளுங்கள்.

படி 2: மீனும் இறாலும்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். வேகவைத்த மீன் ஒன்று, தோல் உரிக்காமல் வேகவைத்த இறால் ஒன்று. மீனின் சதையைப் பிரித்தால் நடுமுள் முழுதாக வந்துவிடும். அதுதான் மீனின் முதுகெலும்பு. அடுத்து இறாலை உரிக்கச் சொல்லுங்கள். முதுகில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். “இதோ முதுகெலும்பு!” என்று பிள்ளைகள் கத்துவார்கள். உடனே மறுக்காதீர்கள். அந்தக் கோட்டை உருவி, விரலால் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கூழாகிவிடும், ஏனென்றால் அது குடல்.

அப்படியானால் இறாலின் உடம்பைத் தாங்குவது எது? உரித்துப் போட்ட ஓட்டைக் கையில் கொடுங்கள். இறாலுக்கும் நண்டுக்கும் வண்டுக்கும் உடம்புக்கு வெளியேதான் கவசம். உடம்பு வளரும்போது ஓடு கூடவே வளராது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை உண்டாக்கிக்கொள்ளும்.

இறால் ஒவ்வாத பிள்ளை இருந்தாலோ, வீட்டில் அசைவம் இல்லை என்றாலோ, செத்துக் கிடக்கும் வண்டு ஒன்றே போதும்.

படி 3: மண்புழு

மழை பெய்த மறுநாள் தொட்டி மண்ணைக் கிளறினால் கிடைக்கும். பிள்ளையின் கையை நனைத்துவிட்டு, உள்ளங்கையில் புழுவை வையுங்கள். மண்புழு தோலால்தான் மூச்சுவிடுகிறது. தோல் காய்ந்தால் செத்துவிடும். வெயிலிலும் வைக்கக் கூடாது.

இதற்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. பிறகு எப்படி ஊர்கிறது? நீள்வதையும் சுருங்குவதையும் பொறுமையாகப் பார்க்கட்டும். அப்புறம் ஒரு மொடமொடப்பான தாளில் ஓரிரு நிமிடம் மட்டும் விட்டு, அருகில் காதை வைக்கச் சொல்லுங்கள். மெலிதாகச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். அது புழுவின் உடம்பில் உள்ள நுண்ணிய முட்களின் சத்தம். மண்ணைப் பற்றிக்கொள்ள உதவுபவை அவைதான். முடிந்ததும் புழுவை அதே இடத்தில் விட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நத்தையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில நத்தைகளில் நோய் உண்டாக்கும் ஒட்டுண்ணிகள் இருக்கும். பூரான், தேள், கம்பளிப்பூச்சி பக்கம் கை போகவே கூடாது.

படி 4: பிரித்து வைத்தல்

படங்களையோ பொம்மைகளையோ இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எறும்பு, சிலந்தி, பட்டாம்பூச்சி எல்லாம் சுலபம். வேண்டுமென்றே பாம்பையும் ஆமையையும் கலந்து வையுங்கள். வளைந்து நெளிவதால் பாம்பை மண்புழுவோடு சேர்த்துவிடுவார்கள். ஆனால் பாம்பின் முதுகில் நூற்றுக்கணக்கான எலும்புகள் இருக்கின்றன. சிறு சிறு கணுக்களாக இருப்பதால்தான் அப்படி வளைகிறது. ஆமையை நத்தையோடு வைப்பார்கள். நத்தை ஓட்டுக்குள் எலும்பே கிடையாது. ஆமைக்கோ, முதுகெலும்பே மேல் ஓட்டின் உட்புறத்தோடு ஒன்றாக இணைந்திருக்கிறது. அதனால் ஆமையால் ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போக முடியாது.