தரங்கம்பாடியை எழுத்துக்கூட்டி வாசிப்பது எப்படி

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை முன் ஒரு படம், கடலில் கால் நனைப்பு, திருக்கடையூர் தரிசனம் என்று முடித்துக்கொள்கிறார்கள். ஊர் முழுக்கச் சுவரிலும் கல்லிலும் எழுத்து இருக்கிறது. அதை வாசிக்க அரை நாள் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘டச்சுக் கோட்டை’ என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. டச்சுக்காரர் ஒல்லாந்தர், அவர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தில் இருந்தவர்கள். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. தரங்கம்பாடிதான் டேனிஷ்காரர்களுடையது, அதாவது டென்மார்க். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு 3,111 ரூபாய் கட்டி இருந்தார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய தங்க ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது: வாசகம் தமிழில், கையெழுத்து தெலுங்கில். இந்த ஊர் ஒரு மொழியில் ஓடியதே இல்லை. கோட்டையின் உத்தரவு டேனிஷில், கடைவீதிப் பேரம் போர்ச்சுகீசியத்தில், ஜெர்மன் பாதிரிமார் தங்கள் ஊருக்கு எழுதிய கடிதம் ஜெர்மனில், மற்றதெல்லாம் தமிழில்.

ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை உங்களை ஒதுங்கி நிற்க வைத்துவிடும். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்று போய் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதிகம். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வரலாம். இதே தடத்தில் 1986 வரை மீட்டர்கேஜ் ரயிலும் ஓடியது.

காலை ஏழு மணிக்குள் மேற்கே நகர வாயிலில் ஆரம்பியுங்கள். இப்போதைய வாயில் 1792இல் மறுபடி கட்டியது. அங்கிருந்து கிழக்கே ராஜவீதி. டேனிஷில் அதன் பெயர் ‘கோங்கென்ஸ்காதெ’. ‘கோங்’ அரசர், ‘காதெ’ தெரு. பெயரை அப்படியே மொழிபெயர்த்துத்தான் நாம் இன்றும் சொல்கிறோம். சீயோன் தேவாலயம் (1701), புதிய எருசலேம் தேவாலயம் (1718) இரண்டும் இந்தத் தெருவில்தான். முன்னது ஐரோப்பியருக்கு, பின்னது தமிழருக்கு என்று ஏற்பட்டது.

புதிய எருசலேம் முகப்பில் கிரீடத்தின் கீழ் பின்னிய எழுத்துகள் தெரியும். அது அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் முத்திரை. இந்தச் சூத்திரம் பிடிபட்டால் அருங்காட்சியக நாணயங்களையும் படித்துவிடலாம்: கிரீடத்துக்குக் கீழே ‘சி’ எழுத்தும் 7உம் இருந்தால் ஏழாம் கிறிஸ்டியன், 1766–1808. ‘எஃப்’ எழுத்தும் 6உம் என்றால் ஆறாம் ஃபிரெடெரிக், 1808–1839. ஆண்டு தேய்ந்துபோன செப்புக்காசுக்கும் காலம் சொல்ல இது போதும்.

கல்லறைக் கற்கள்தான் கஷ்டம். உச்சிவெயிலில் எழுத்து தட்டையாகி மறைந்துவிடும். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் பாருங்கள். இல்லையென்றால் கைபேசி டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். படம் எடுக்க ஒருவர், வெளிச்சம் பிடிக்க ஒருவர் வேண்டும். சாக்பீஸ், கரி, எண்ணெய் எதையும் பூசாதீர்கள்; உப்புக்காற்றில் ஏற்கெனவே பொரிந்த கல் அதோடு சேர்ந்து உதிரும். தூசிக்கு மெல்லிய உலர் தூரிகை போதும்.

எந்த மொழி என்று கண்டுபிடிக்கச் சின்னச் சொற்களைத் தேடுங்கள். ‘உம்’ என்ற இடத்தில் ஓ-ஜி என இரண்டே எழுத்து இருந்தால் டேனிஷ். ‘உண்ட்’ என்றால் ஜெர்மன். ‘ஹேர் வீலர்’ டேனிஷ், ‘ஹியர் ரூஹெட்’ ஜெர்மன், ‘ஹிக் யாசெட்’ லத்தீன். மூன்றுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றே: இங்கே உறங்குகிறார். குறுக்குக்கோடு போட்ட ‘ஓ’ கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம், டேனிஷ்தான்.

அந்த ஜெர்மன் பாதிரிமாரில் ஒருவரான சீகன்பால்க் 1719 பிப்ரவரி 23இல், 36 வயதில் இறந்தார். புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம். 1706 ஜூலை 9இல் வந்திறங்கியவர், 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்திருந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகித ஆலை பக்கத்தில் பொறையாற்றில். அந்தக் கால ஆவணங்களைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றில் ‘மலபார் மொழி’ என்றால் தமிழ். கேரளத்தைத் தேடிப் போய்விடாதீர்கள்.

ஒன்பதரைக்குள் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு, கோட்டை திறந்ததும் நுழையுங்கள். கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும், மேலே ஆளுநர் இருந்த அறைகள். 1845இல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். பழைய சுவர்களில் சிமென்ட் பூசிய இடங்களைக் கவனியுங்கள்: சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சு விடும், சிமென்ட் அதை அடைத்துவிடும், உப்பு உள்ளே பூத்துச் செங்கல்லோடு பெயர்ந்து வரும்.

மாசிலாமணிநாதர் கோயிலைக் கடைசிக்கு வையுங்கள். 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் ‘சடங்கன்பாடி’ என்கிறது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. அலை ஏறும் நேரத்தில் கற்கள் வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்காதீர்கள்.