ஈமாக்ஸை விட்டு வெளியேறாமல் கமிட் செய்தல்

நிரலைத் திருத்திய கையோடு டெர்மினலைத் திறந்து, மாறிய கோப்புகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் சேர்த்து கமிட் செய்யும், அதாவது கிட் கருவி மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் களஞ்சியத்தில் பதிவுசெய்யும், பழக்கம் எனக்கும் இருந்தது. பிழை தேடுவதற்காகச் செருகிய அச்சிடும் வரி ஒன்று அப்படியே களஞ்சியத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான், மாற்றங்களைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கிச் சேர்க்கும் முறைக்கு மாறினேன். ஈமாக்ஸ் என்னும் உரைத் திருத்தியில் அதற்கு ஏற்றது, கிட்டை உள்ளிருந்தே இயக்க உதவும் மேகிட் என்னும் கூடுதல் தொகுப்பு. ஒரே கோப்பை முழுதாக கமிட் செய்ய ஈமாக்ஸுடனேயே வரும் விசி (VC) என்னும் வசதி போதும்.

ஈமாக்ஸ் தொகுப்புகளின் இணையக் கிடங்கான மெல்பாவிலிருந்து மேகிட்டை நிறுவிய பின், களஞ்சியத்தில் உள்ள ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்துகொண்டு, கண்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தி, அடுத்து ஜியை அழுத்தினால் நிலைத் திரை வரும். சேமிக்காத கோப்பு இருந்தால் முதலில் சேமிக்கட்டுமா என்று கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள். கோப்பின் பெயர்மேல் டேப் விசையை அழுத்தினால் மாற்றங்கள் துண்டு துண்டாக விரியும். வேண்டிய துண்டின்மேல் நின்று எஸ் அழுத்தினால் அது ஸ்டேஜ் ஆகும், அதாவது அடுத்த கமிட்டில் சேரத் தயாராகும். தவறிச் சேர்த்ததை யு அழுத்தி விலக்கலாம்.

ஒரே துண்டுக்குள் திருத்தமும் அந்த அச்சிடும் வரியும் அடுத்தடுத்து நின்றால், கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தித் திருத்த வரிகளை மட்டும் குறித்துக்கொண்டு எஸ் அழுத்துங்கள். மற்ற வரி வெளியிலேயே நிற்கும். அதை அழித்துவிட கே விசை உண்டு. ஆனால், அது கேட்கும் உறுதிசெய்யும் கேள்விக்குப் படிக்காமல் ஆம் சொன்னால், அரை நாள் உழைப்பும் போய்விடக்கூடும்.

பிறகு சி விசையை இருமுறை அழுத்தினால், செய்தி எழுதும் பகுதியும் சேரவிருக்கும் மாற்றங்களும் அருகருகே திறக்கும். முதல் வரி 50 எழுத்துகளுக்குள் இருப்பது வழக்கம். ஒரு வரி விட்டு, காரணத்தை எழுத வேண்டும். “திருத்தம்” என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. “வெற்றுப் பெயர் வந்தால் பதிவை நிறுத்து” என்று எழுதி, கீழே, இடைவெளி மட்டுமுள்ள பெயரும் சோதனையைத் தாண்டியது என்று விளக்கினால், ஆறு மாதம் கழித்துப் படிக்கும் உங்களுக்கே உதவும். கண்ட்ரோல்-சியை இருமுறை அழுத்தினால் கமிட் முடியும். கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-கே என்று அழுத்தினால் கைவிடப்படும்.

ஏதேனும் விட்டுப்போனால், அதையும் ஸ்டேஜ் செய்து, சி, ஏ என்று அழுத்தி கடைசி கமிட்டோடு இணைக்கலாம். பிறரும் பயன்படுத்தும் கிளைக்கு அந்த கமிட்டை ஏற்கெனவே புஷ் செய்திருந்தால் (அனுப்பியிருந்தால்) இதைச் செய்யாமல், புதிதாக ஒரு கமிட் இடுங்கள்.