ஓதும்போது மனதில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது

குர்ஆனை அர்த்தத்தோடு படிக்க ஆசையாக உட்காரும் பிள்ளைகளில் சிலர் கொஞ்ச நாளில் நிறுத்திவிடுவார்கள். கேட்டால் "நேரமில்லை ராத்தா (அக்கா)" என்பார்கள். பெரும்பாலும் காரணம் நேரம் இல்லை. ஏதோ ஒரு வசனத்தில் மனது இடறியிருக்கும். வெளியே சொன்னால் ஈமான் (இறைநம்பிக்கை) போய்விட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, பேசாமல் குர்ஆனை மூடி வைத்திருப்பார்கள். காயல்பட்டினத்தில் எங்கள் தெருப் பெண்கள் தைக்காவில் (பெண்கள் கூடித் தொழுது ஓதும் இடம்) அஸர் தொழுகைக்குப் பிறகு தர்ஜுமா, அதாவது குர்ஆன் மொழிபெயர்ப்பு வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பது வஸ்வாஸா (ஷைத்தான் மனதில் போடும் ஊசலாட்டம்) கேள்வியா என்று பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

தொழுகையில் நிற்கும்போதோ தூக்கம் வராத ராத்திரியிலோ "இதெல்லாம் உண்மைதானா" என்று ஒரு எண்ணம் சுருக்கென்று வந்து போகும். அதற்கு வசன எண் கிடையாது, பதில் சொன்னாலும் அடங்காது. அது வஸ்வாஸ். நபித்தோழர்களில் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்லவே அஞ்சும் விஷயங்கள் மனதில் வருவதாக முறையிட்டார்கள். "அப்படி உணர்கிறீர்களா? அதுதான் தெளிவான ஈமான்" என்றார்கள் நபியவர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. அந்த எண்ணத்தைக் கண்டு அஞ்சுகிற மனதில் ஈமான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். அதனோடு விவாதம் செய்யவும் வேண்டாம். அஊது (ஷைத்தானிடமிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் வாசகம்) ஓதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் பாருங்கள்.

கேள்வி என்பது வேறு. அதற்கு ஒரு வசனம் இருக்கும், "இது ஏன் இப்படி" என்று ஒரு விஷயம் இருக்கும். பலர் இதையும் வஸ்வாஸ் என்று நினைத்து அஊது ஓதி விரட்டப் பார்க்கிறார்கள். அது போகாது, உள்ளேயே கிடந்து புளிக்கும். கேட்பது பாவமென்றால் இப்ராஹீம் நபி கேட்டிருக்கமாட்டார்கள். "இறந்தவர்களை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய், எனக்குக் காட்டு" என்று அவர்கள் அல்லாஹ்விடமே கேட்டது பகரா சூராவின் (2ஆவது அத்தியாயம்) 260ஆம் வசனத்தில் இருக்கிறது. "நீ நம்பவில்லையா?" என்று அல்லாஹ் கேட்கிறான். "நம்புகிறேன், ஆனாலும் என் மனது நிம்மதி அடைவதற்காக" என்கிறார்கள். அல்லாஹ் கோபப்படவில்லை. நான்கு பறவைகளைக் கொண்டு காட்டிக்கொடுத்தான்.

சரி, கேள்விதான் என்று தெரிந்துவிட்டது. ஒரு நோட்டை எடுங்கள். சூரா எண், வசன எண், அதன் கீழே என்ன உறுத்துகிறது என்று ஒரே வரி. "இஸ்லாம் ஏன் இப்படி" என்று பெரிதாக எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. "9:5இல் கொல்லுங்கள் என்று வருகிறதே, யாரை?" என்று எழுதுங்கள்.

இந்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். காலேஜ் போகும் பிள்ளைகள் அதிகம் கொண்டுவருவது இதைத்தான். "இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லுங்கள்" என்ற துண்டு மட்டும் யாரோ ஒருவர் போனில் அனுப்பியிருப்பார். துண்டாக வந்ததைத் துண்டாகப் படிக்காதீர்கள். 9ஆவது சூராவான தவ்பாவின் முதல் வசனத்திலிருந்து 13 வரை ஒரே மூச்சில் படியுங்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, உடன்படிக்கை செய்துகொண்டு அதை முறித்தவர்கள் விஷயத்தில் வந்த அறிவிப்பு இது. 2ஆம் வசனம் அவர்களுக்கு நான்கு மாதம் தவணை கொடுக்கிறது. 4ஆம் வசனம், உடன்படிக்கையில் குறை வைக்காதவர்களை இதிலிருந்து விலக்கிவிடுகிறது. 5 முடிந்த கையோடு 6 வருகிறது: அந்த இணைவைப்போரில் ஒருவர் உங்களிடம் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், அல்லாஹ்வின் வார்த்தையை அவர் கேட்கட்டும், பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள். 13ஆம் வசனத்தில் காரணமே வந்துவிடுகிறது. சத்தியத்தை முறித்தவர்கள், தூதரை வெளியேற்ற முனைந்தவர்கள், முதலில் சண்டையைத் தொடங்கியவர்கள் அவர்கள். இவ்வளவும் ஒரே இடத்தில் இருக்கிறது, பக்கத்தைத் திருப்பினால் போதும்.

முன்னும் பின்னும் படித்தும் தெளியவில்லை என்றால் தப்ஸீருக்கு (குர்ஆன் விரிவுரை) போங்கள். இப்னு கஸீரின் விரிவுரை தமிழிலேயே கிடைக்கிறது. வசனம் எந்தச் சமயத்தில் இறங்கியது, அதே விஷயம் வேறு எங்கே வருகிறது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். மதுவைப் பற்றி 2:219 ஒன்று சொல்லும், 4:43 இன்னொன்று சொல்லும், 5:90 முழுதாகத் தடுக்கும். படிப்படியாக இறங்கியது என்று தெரியாதவருக்கு முரண்பாடாகத்தான் தோன்றும்.

எல்லாக் கேள்வியும் இப்படி லேசாக அவிழாது. கணவன் மனைவியை அடிப்பது பற்றி வரும் 4:34ஐக் கேட்காத வகுப்பே கிடையாது. நான் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். புத்திமதி, படுக்கையை விலக்குவது, அதற்குப் பிறகு மூன்றாவதாக அது வருகிறது. காயப்படுத்தக் கூடாது என்று நபிமொழி நிபந்தனை போடுகிறது. நபி (ஸல்) தம் கையால் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் அடித்ததே இல்லை என்று நபியின் மனைவி ஆயிஷா நாயகி (ரலி) சொல்லியிருக்கிறார்கள். மக்காவின் பெரிய அறிஞர் அதா பின் அபீ ரபாஹ், கணவன் கோபித்துக்கொள்ளலாம், அடிக்கக் கூடாது என்றே சொன்னதாக வருகிறது. இவ்வளவும் கேட்டபிறகும் "ஆனாலும் வலிக்கிறது ராத்தா" என்று ஒரு பிள்ளை சொன்னால், வாயை மூடு என்று நான் சொல்லமாட்டேன். நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைக்கச் சொல்வேன். ஆண்களைச் சொல்வதுபோல் எங்களை ஏன் குர்ஆனில் சொல்லவில்லை என்று நபியின் இன்னொரு மனைவி உம்மு ஸலமா நாயகி (ரலி) நபியிடமே கேட்டார்கள். அதற்குத்தான் 33:35 இறங்கியது என்று அறிவிப்பு இருக்கிறது. ஆணையும் பெண்ணையும் பத்து முறை சேர்த்துச் சேர்த்துச் சொல்லும் வசனம் அது. ஒருமுறை ஓதிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சந்தேகம் வந்த பிள்ளையிடம் "இன்ன கண்டுபிடிப்பு அன்றே குர்ஆனில் இருக்கிறது" என்ற வீடியோவை அனுப்பி வைக்காதீர்கள். அன்றைக்குத் தெம்பாக இருக்கும். நாளைக்கு அந்த ஆராய்ச்சி மாறினால், அல்லது வசனத்தை இழுத்து வளைத்திருக்கிறார்கள் என்று அவளே கண்டுபிடித்தால், ஈமானும் சேர்ந்து ஆடும். படைப்பைப் பார்த்து யோசி என்று குர்ஆன் எத்தனையோ இடங்களில் சொல்கிறது. அதைச் செய்யச் சொல்லுங்கள், போதும்.

அப்புறம், யாரிடம் கேட்பது? அதட்டாதவரிடம் கேளுங்கள். "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. கேட்கப்படும் இடத்தில் இருக்கும் உம்மாமார்களும் ஹஸ்ரத்மார்களும் (மார்க்க ஆசிரியர்கள்) நபித்தோழர் உபை பின் கஅப் (ரலி) சொன்ன ஒரு சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிவாசலில் இரண்டு பேர் குர்ஆனை இரண்டு விதமாக ஓதுவதை உபை கேட்டார்கள். இரண்டுமே அவர்கள் அறிந்த மாதிரி இல்லை. தொழுகை முடிந்ததும் மூவருமாக நபியிடம் போனார்கள். இருவரையும் ஓதச் சொல்லிக் கேட்டுவிட்டு, இருவரும் ஓதியது சரி என்றார்கள் நபி (ஸல்). அந்த நொடியில், அறியாமைக் காலத்தில்கூட வராத மறுப்பு என் மனதில் வந்தது என்கிறார்கள் உபை. அதை முகத்திலேயே கண்டுகொண்ட நபியவர்கள் உபையின் நெஞ்சில் கையால் ஒரு தட்டுத் தட்டினார்கள். உபைக்கு வியர்த்துக் கொட்டியது. அச்சத்தோடு அல்லாஹ்வையே பார்ப்பதுபோல் இருந்தது என்கிறார்கள். குர்ஆனை ஏழு விதங்களில் ஓத அனுமதிக்கப்பட்ட விவரத்தை நபியவர்கள் அதற்குப் பிறகுதான் விளக்கினார்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

நெஞ்சில் கை முதலில், விளக்கம் பிறகு. நம் வீடுகளில் இரண்டும் இல்லாமல் "தவ்பா செய்" (பாவமன்னிப்புக் கேள்) என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். அந்த உபைதான், குர்ஆனை இவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) பெயர் சொன்ன நால்வரில் ஒருவர். பின்னாளில் கலீஃபா உமர் (ரலி) மக்களை ஒரே இமாமின் பின்னால் ரமளான் இரவுத் தொழுகைக்குச் சேர்த்தபோது, முன்னால் நிற்கவைத்ததும் அவர்களைத்தான். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் வரும் தெளிவை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்விக்குப் பதில் வரும்வரை ஓதுவதை நிறுத்தாதீர்கள். இடறிய வசனத்தில் அடையாளம் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பகராவில் தொடங்க வேண்டாம். தினமும் தொழுகையில் ஓதும் சின்ன சூராக்களின் அர்த்தத்தை முதலில் முடியுங்கள். அதிலும் மனது சோர்ந்திருந்தால் வள்ளுஹாவை எடுங்கள். வஹீ (இறைச்செய்தி) வராமல் நின்று, இறைவன் கைவிட்டுவிட்டான் என்று ஊரார் பேசிய நேரத்தில் நபிக்கே ஆறுதலாக இறங்கிய சூரா அது.

பதில் கிடைத்த கேள்வியை நோட்டில் அடித்துவிடாதீர்கள். பக்கத்திலேயே பதிலையும், எங்கே கிடைத்தது என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த நோன்பில் அதே வசனத்துக்கு வரும்போது உங்களுக்குத் தேவைப்படும். உங்கள் தங்கையோ மகளோ அதே இடத்தில் வந்து நிற்கும்போது அவளிடம் அந்த நோட்டையே கொடுத்துவிடலாம்.