மணலில் முட்டையிடும் பறவைகளைப் பார்க்க, கையால் செய்யும் கேமரா

கோடை மாதங்களில் இராமநாதபுரம் கடற்கரையின் மணல் திட்டுகளில், வெறும் தரை என்று நாம் கடந்துபோகும் இடத்தில்தான் உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும் முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்காது. உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி, சுற்றிலும் சில சிப்பித் துண்டுகள், நடுவே மணலின் நிறத்திலேயே புள்ளி விழுந்த இரண்டு அல்லது மூன்று முட்டைகள், அவ்வளவுதான். இதை நாள்தோறும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் காலடித் தடத்தை முகர்ந்துகொண்டு நாயும், நாம் எங்கே குனிகிறோம் என்று தூரத்திலிருந்தே கவனிக்கும் காக்கையும் பின்னால் வந்துவிடும். நாம் அங்கே போகாமல் இருப்பதற்காகவே கேமரா வைக்கிறோம் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால், எந்த பேட்டரி, எவ்வளவு தூரம், எத்தனை படம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எளிதாகக் கிடைத்துவிடும்.

அனுமதி பெறாமல் எதையும் தொடங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. தனுஷ்கோடியில் 2025இல் பெரும்பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வனத்துறையின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். இந்தக் கரைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு: கடலோரக் காவல் படையும் கடலோரக் காவல் துறையும் ஓயாமல் ரோந்து வரும் இடத்தில், மணலில் புதைந்த குழாய், அதிலிருந்து ஓடும் ஒயர், மறுமுனையில் பேட்டரி என்றால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. காவல் நிலையத்திலும் அருகிலுள்ள மீனவக் கிராமத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கருவியின் மேல் தமிழில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதி ஒட்டிவிடுங்கள். கரைவலை இழுப்பவர்களிடம் பேசினால் கயிறு எந்த வழியாக வரும் என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் கூடு எங்கே இருக்கிறது என்பதும் அவர்களுக்கு நமக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கருவியாக நான் பரிந்துரைப்பது ஈஎஸ்பி32 கேம் என்ற, கேமராவோடு கூடிய சிறு மின்னணுப் பலகை. தீப்பெட்டியைவிடச் சிறியது, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, அதிலுள்ள ஓவி2640 கேமரா 1600×1200 அளவில் படம் எடுத்து மெமரி கார்டில் சேமிக்கும். பழைய கைபேசியை வைத்துவிடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். நிழலுள்ள இடத்துக்கு அது சரி, பங்குனி வெயிலில் மணல்மேல் வைத்தால் நண்பகலுக்குள் சூடேறி அணைந்துவிடும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி நல்ல படம் தரும், ஆனால் மின்சாரத்தைக் குடிக்கும்.

அசைவு கண்டால் மட்டும் படம் எடுக்கும் பிஐஆர் சென்சாரை இந்தக் கரையில் நம்ப வேண்டாம். பின்னணியின் வெப்பத்துக்கும் உயிரின் உடல் வெப்பத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான் அது வேலை செய்கிறது. பறவையின் உடல் ஏறக்குறைய 40 டிகிரி. நண்பகல் மணல் அதைத் தாண்டிக் கொதிக்கிறது. காலையில் ஒரு நேரம் இரண்டும் சமமாகி, பறவை கண்முன் இருந்தும் சென்சாருக்குத் தெரியாமல் போகும். பிறகு அனல் காற்று அடிக்கும்போதெல்லாம் ஒன்றுமில்லாததைப் படம் பிடித்துத் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு படம் என்று நேரக் கணக்கில் எடுப்பதே நல்லது. பகலின் 12 மணி நேரத்துக்கு 720 படங்கள். ஒன்று 200 கிலோபைட் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 150 மெகாபைட்டைத் தாண்டாது. உப்புக்கொத்தி அடைகாப்பது நான்கு வாரங்களுக்குள் என்பதால் 8 ஜிபி கார்டு ஒன்றே போதும், இடையில் கார்டு மாற்றப் போக வேண்டிய அவசியமே இல்லை.

படம் எடுத்ததும் பலகை ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய், அடுத்த நிமிடம் விழிக்கும்படி நிரலை எழுதுங்கள். இதில் இரண்டு இடங்களில் தவறு நேரும். பலகையிலுள்ள வெள்ளை விளக்கும் மெமரி கார்டும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு படம் சேமிக்கப்படும்போதும் விளக்கு மினுங்கும். கார்டை, ஒரே ஒரு தரவு இணைப்பை மட்டும் பயன்படுத்தும் ஒரு பிட் முறையில் இயக்குவதோடு, விளக்கின்மேல் கறுப்பு டேப்பையும் ஒட்டிவிடுங்கள். இரண்டாவது, படத்தின் வரிசை எண்ணை உறக்கத்திலும் நிலைக்கும் தற்காலிக நினைவகத்தில் வைத்தால், மின்சாரம் ஒரு நொடி போனாலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். என் முதல் முயற்சியில் பேட்டரி முனை தளர்ந்து, முதல் நாள் படங்களின்மேல் ஆறாம் நாள் படங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. எண்ணை நிரந்தர நினைவகத்தில் எழுதுங்கள். பலகையின் கடிகாரமும் நாளடைவில் பிசகும் என்பதால், படத்தில் தெரியும் பகுதியின் ஓரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு குச்சியை நட்டுவையுங்கள். அதன் நிழல் பொய் சொல்லாது.

பவர் பேங்க் இதற்கு உதவாது. பலகை உறங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பெரும்பாலான பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். பழைய பைக்கிலிருந்து கழற்றிய, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத 12 வோல்ட் பேட்டரி போதும். அதைக் கூட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, ஒரு புதரின் மறைவில் புதைத்து, ஒயரை ஒரு சாண் ஆழத்தில் கொண்டுவாருங்கள். ஒயரில் 12 வோல்ட்டையே அனுப்பி, கேமராவுக்கு அருகில் 5 வோல்ட்டாக இறக்க வேண்டும். தொடக்கத்திலேயே இறக்கிவிட்டால் நீண்ட ஒயரில் மின்னழுத்தம் குறைந்து, படம் எடுக்கும் கணத்தில் பலகை நின்று நின்று மீண்டும் தொடங்கும். பேட்டரி முனையில் ஒரு ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். வாரம் ஒருமுறை பேட்டரியை மாற்றப் போனாலும் கூட்டின் பக்கம் நாம் போவதில்லை.

இனி உறை. உப்புக் காற்றைவிட மோசமான எதிரி இந்த வேலைக்குக் கிடையாது. இரண்டரை அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் வெட்டி, இருபுறமும் மூடி போட்டு, முன்மூடியில் துளையிட்டுக் கண்ணாடித் துண்டு பதிக்க வேண்டும். லென்ஸ் கண்ணாடியை ஒட்டியே இருக்கட்டும், இடைவெளி விட்டால் வெயிலின் எதிரொளி படத்தை வெளுத்துவிடும். சிலிகான் பசை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள்: வினிகர் வாசனை வந்தால் அதிலிருந்து வெளியேறும் அமிலம் செப்பு இணைப்புகளை அரித்துவிடும். மூடிய குழாயை மூன்றே வாரத்தில் திறந்தபோது பலகையின் ஓரங்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததைப் பார்த்த பிறகுதான், வாசனையற்ற நியூட்ரல் வகையைத் தேடி வாங்கத் தொடங்கினேன். பலகையின்மேல், லென்சையும் கார்டு செருகும் இடத்தையும் விட்டுவிட்டு, நகப்பூச்சு இரண்டு பூச்சு பூசலாம். உள்ளே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு. வெளிப்புறம் முழுவதும் பசை தடவி, அந்தக் கரையின் மணலையே அள்ளித் தூவிக் காயவிடுங்கள். வேறு ஊர் மணல் நிறம் மாறித் தெரியும். குழாயைப் பாதிக்கு மேல் மணலில் புதைப்பது மறைப்புக்காக மட்டும் இல்லை, சூட்டைத் தவிர்க்கவும்தான்: ஓவி2640 சுமார் 50 டிகிரி வரைதான் தெளிவான படம் தரும், அதற்கு மேல் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும்.

லென்சின் குவியம் தொழிற்சாலையில் தூரத்துக்கு அமைக்கப்பட்டு, ஒரு துளிப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கத்தி முனையால் கீறி, லென்சை இடப்புறமாக மெல்லத் திருகி, ஒன்றரை மீட்டர் தூரத்தில் வைத்த கோழி முட்டை தெளிவாகத் தெரியும்வரை வீட்டிலேயே சரிசெய்யுங்கள். அந்தத் தூரத்தில் உப்புக்கொத்தி படத்தின் அகலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கும். முகப்புப் படத்துக்கு அது போதாது, யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று அறிய அது தாராளம். கடற்கரைக்குப் போகும் முன் மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் ஓடவிடுங்கள். வீட்டில் சிட்டுக்குருவிப் பெட்டி இருந்தால் அங்கே பழகுவது இன்னும் நல்லது.

வைக்கும் நாளில் அவசரம் கூடாது, தாமதமும் கூடாது. முட்டைகள் எல்லாம் இட்டு முடிந்த பிறகே போக வேண்டும். இடும் நாட்களில் தொந்தரவு செய்தால் பறவை கூட்டையே கைவிடக்கூடும். முதலில் வெற்றுக் குழாயை ஆறு மீட்டரில் வைத்து, ஒவ்வொரு நாளும் சற்றே நெருக்கி, நான்காம் நாளில் ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே உண்மையான கேமராவை மாற்றி வையுங்கள். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை வெயில் தணிந்த பிறகோ, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். நண்பகலில் தாய்ப்பறவை முட்டைகளின்மேல் நின்று தன் உடலால் நிழல் கொடுக்கிறது, வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்துவந்து குளிர்விக்கவும் செய்கிறது. அந்த நேரத்தில் அதை விரட்டினால் முட்டை வெந்துவிடும். கேமரா வடக்கு நோக்கி இருக்கட்டும்: தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வாரி இறைக்கும் மணல் கண்ணாடியில் படாது, வெயிலும் நேராக விழாது. தரைக்கு மேல் ஒரு கைப்பிடி உயரத்துக்கு மேல் எதுவும் துருத்தக் கூடாது, துருத்தினால் காக்கைக்கு நாமே இருக்கை போட்டதாகும். கூட்டில் போய் நின்று திரும்பாமல், நேர்கோட்டில் கடந்து போவதுபோல் நடந்து, தடத்தைப் பனையோலையால் கூட்டிவிடுங்கள். பிறகு தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் பறவை திரும்பி வந்து அமரவில்லையென்றால், தயங்காமல் கேமராவை எடுத்துவிட வேண்டும்.

படங்களை முகநூலில் போடுவதானால் இடத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். பலகை எடுக்கும் படத்தில் இருப்பிடக் குறிப்பு இருக்காது, கைபேசியில் எடுத்ததில் இருக்கும்.

குஞ்சு பொரித்த ஒரு நாளுக்குள்ளேயே உப்புக்கொத்திக் குஞ்சுகள் நடந்து போய்விடும் என்பதால், கடைசிப் படங்களில் வெறும் குழி மட்டுமே தெரிந்தால் முட்டை களவு போனதா, பொரித்ததா என்ற ஐயம் எழும். நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் கேமராவின் கண்ணில் காக்கை சில நொடிகளில் வந்து போனது படாமலும் போகலாம். கேமராவை எடுக்கப் போகும் அன்று ஒரு தேநீர் வடிகட்டியைக் கொண்டுபோய், குழியின் அடி மணலைச் சலித்துப் பாருங்கள். நகக்கண் அளவுக்கும் சிறிய ஓட்டுத் துணுக்குகள் பல தங்கினால், முட்டை அங்கேயே பொரித்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றுமே தங்காவிட்டாலோ மஞ்சள் கரு ஒட்டிய மணல் கட்டியாக வந்தாலோ, கடைசி நாளின் 720 படங்களையும் மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.