வாட்டையும் மில்லிமீட்டரையும் பார்க்காமல் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் கூலர் வாங்காதீர்கள்

போன மே மாதம் என் மச்சான் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று கட்டினான். ப்ராசஸர் ரைசன் 5 7600. அதற்கு மூன்று ஃபேன் வைத்த 360 மி.மீ. தண்ணீர் கூலர். அதாவது ப்ராசஸரின் சூட்டைப் பம்ப் வைத்துத் தண்ணீரில் ஏற்றிக் கொண்டுபோய், ரேடியேட்டர் என்ற பட்டைச் சட்டத்தில் ஃபேன் காற்றால் ஆற்றும் சாதனம். எல்லாம் மாட்டிவிட்டு, கடைசியாக ரேடியேட்டரைக் கேபினட்டின் கூரையில் பொருத்தப் போனால் ஃபேன் நேராக மதர்போர்டில் நிற்கும் ராம் மெமரியின் தலையில் இடிக்கிறது. ஒரு விரல் அகலம் கூட இல்லை, அரை விரல்தான் குறை. ஆனால் அரை விரலுக்காக இரும்பு வளைந்து கொடுக்காதே!

இத்தனைக்கும் அந்த ப்ராசஸரோடு பெட்டியிலேயே ஒரு ஃபேன் கூலர் இலவசமாக வருகிறது. அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ப்ராசஸர் எத்தனை வாட் வெப்பம் கக்கும் என்று பார்க்காமல் கூலரைப் பார்ப்பது. 7600 என்னதான் முக்கினாலும் 88 வாட் அளவில் நின்றுவிடும். தண்ணீரே இல்லாமல் உலோகத் தகடுகளும் ஃபேனும் மட்டும் வைத்த சுமாரான டவர் கூலர் ஒன்றே அதற்குத் தாராளம். கேம் விளையாடப் பலரும் தேடிய ரைசன் 7 7800எக்ஸ்3டி-யும் அப்படித்தான். காகிதத்தில் 120 வாட் கூலர் கேட்கும், விளையாடும்போது அதைவிடக் குறைவாகவே இழுக்கும். கோர் ஐ9-14900கே வேறு ரகம். அது 253 வாட் வரை போகும். அதில் மணிக்கணக்காக வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழுப் படமாக உருவாக்குவது) செய்கிறவருக்கு 360 வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

சரி, தண்ணீர்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். டேப்பை எடுத்துக் கேபினட்டை அளந்துவிட்டீர்களா? 360 என்பது மூன்று 120 மி.மீ. ஃபேன்களின் கூட்டு நீளம் மட்டும். இரு முனையிலும் இருக்கும் தொட்டிகளைச் சேர்த்தால் ரேடியேட்டர் 390 மி.மீ.யைத் தாண்டும். தடிமன் பெரும்பாலும் 27, அதோடு ஃபேன் 25, ஆக 52 மி.மீ. கூரைக்கும் மதர்போர்டு விளிம்புக்கும் நடுவில் இந்த 52 இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேபினட் விளம்பரத்தில் ‘360 பொருந்தும்’ என்று இருந்தாலும் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முன்பக்கம் மட்டும் பொருந்துபவை நிறைய.

இடம் போதவில்லையென்றால் 280-ஐ யோசிக்கலாம், பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டு 140 மி.மீ. ஃபேன்கள் என்பதால் பரப்பு 39,200 சதுர மி.மீ. 360-க்கு 43,200, 240-க்கு 28,800. ஒற்றை ஃபேன் 120-ஐ மட்டும் தொடாதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல டவர் கூலரே கிடைக்கும்.

தண்ணீர் என்றதும் ஏசி போல் சில்லென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ரேடியேட்டர் வெப்பத்தை அறைக் காற்றில்தான் கொட்டுகிறது, அறையைவிடக் குளிராக அதனால் ஆக்க முடியாது. டிசம்பரில் 26 டிகிரி அறையில் 70 காட்டிய ப்ராசஸர், சென்னைக் கத்திரியில் 37 டிகிரி அறையில் ஏறக்குறைய 81 காட்டும். கூலர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கூரையிலோ முன்பக்கமோ தூசி வலை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் கேபினட்டில் மாதம் ஒருமுறையாவது துடைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பம்ப் இருக்கும் உயரம். பெரும்பாலான கூலர்களில் பம்ப் ப்ராசஸரின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மூடிய கூலருக்குள்ளும் கொஞ்சம் காற்று இருக்கும், காலப்போக்கில் குழாய் வழியே நீர் மெல்லக் கசிந்து ஆவியாக ஆகக் காற்று கூடும். காற்று எப்போதும் மேலே போகும். பம்ப் எல்லாவற்றையும்விட மேலே இருந்தால் அந்தக் காற்று நேராகப் பம்புக்குள் வந்து உட்காரும். குடத்தைக் கவிழ்த்தாற்போல் களக் களக் என்று சத்தம் வரும், அப்புறம் பம்பின் ஆயுள் குறையும். ஆகவே ரேடியேட்டரைக் கேபினட்டின் அடியில் மாட்டாதீர்கள். கூரைதான் நல்ல இடம். முன்பக்கம் மாட்டினால் ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரமாக இருக்கட்டும், குழாய்கள் கீழ்ப்பக்கம் வரட்டும்.

மாட்டும்போது நடக்கும் சின்னத் தவறுகளில் கூத்தானது, ப்ராசஸரைத் தொடும் செம்புத் தகட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டுவது. சிரிக்காதீர்கள், நானே செய்திருக்கிறேன். ஆன் செய்த சில நொடிகளில் 95 டிகிரி. இன்னொன்று, பம்ப் ஒயரைச் சாதாரண ஃபேன் இடத்தில் சொருகுவது. மதர்போர்டு ‘சத்தம் குறைக்கிறேன்’ என்று பம்பின் வேகத்தையே குறைத்துவிடும். பம்புக்கென்று தனி இடம் இருந்தால் அதில் மாட்டுங்கள், இல்லையென்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) அந்த இடத்தை முழு வேகத்துக்கு வையுங்கள்.

தனித்தனியாகப் பாகம் வாங்கிக் குழாய் வளைத்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செம்பு பிளாக்கோடு (ப்ராசஸர் மேல் உட்கார்ந்து தண்ணீர் ஓடும் கட்டி) அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், அலுமினியம் அரித்துப்போகும். போர் தண்ணீரை ஊற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டுப் பக்கெட்டில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்தாலே தெரியும்.

கடையில் பில் போடும் முன் வாரன்டி எத்தனை வருடம் என்பதோடு, கசிந்து கிராபிக்ஸ் கார்டு போனால் அதற்கும் பொறுப்பேற்பார்களா என்றும் கேளுங்கள். டவர் கூலரில் கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான், சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். தண்ணீர் கூலரில் பம்ப் போனால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மச்சான் கடைசியில் ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினான். அங்கிருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் இப்போது அலமாரியில் இருக்கின்றன.