கோர்ட்டுக்கும் போய்க்கிட்டு மொழிபெயர்ப்பும் பண்றது எப்படி? கதேகிட்ட கத்துக்கலாம்

குழித்துறை, பத்மநாபபுரம், நாகர்கோவில்னு நம்ம பக்கத்துக் கோர்ட்டுகள்ல இருக்கிற ஜூனியர்ங்கள்ல நெறைய பேருக்கு மலையாளம் சரளமா வாசிக்க வரும், தமிழ்ல எழுதவும் ஆசை இருக்கும், ஆனா கேஸ் கட்டு குவிஞ்சு கெடக்கு, இதுல எங்க கதையை மொழிபெயர்க்கன்னு விட்டுடுறாங்க. விடாதீங்க மக்கா. வக்கீல் வேலை மொழிபெயர்ப்புக்குத் தடையே இல்ல, அதுதான் நல்ல பயிற்சின்னு நான் உறுதியா நம்புறேன்.

ஜெர்மன் கவிஞர் கதே யாருன்னு நினைச்சீங்க? சட்டம் படிச்ச வக்கீல். 1749ல ஃபிராங்க்ஃபர்ட்ல பிறந்தாரு, ஸ்ட்ராஸ்பர்க்ல அவரோட ஆய்வை ஏத்துக்கல, அப்புறம் சட்டக் கருத்துகளை முன்வச்சு வாதாடித்தான் 1771ல பட்டம் வாங்கினாரு, அதே வருஷம் சொந்த ஊர்ல வக்கீலா உக்காந்தாரு. முதல் கேஸ்லயே அவரு எழுதின பதில் மனு ரொம்பச் சூடா இருக்குன்னு கோர்ட் ரெண்டு தரப்பு வக்கீலையும் கண்டிச்சுது. அவரோட அப்பாவும் சட்டம் படிச்சவரு, பின்னாடி இருந்து கேஸ் வேலையில கை கொடுத்தாரு. 1775ல வைமாருக்குப் போய் அரசாங்க வேலை, சுரங்க நிர்வாகம் வரைக்கும் பாத்தாரு. இதுக்கெல்லாம் நடுவுலதான் இத்தாலியன்ல இருந்து செல்லினியோட சுயசரிதை, பிரெஞ்சுல இருந்து வால்டேர் நாடகம், டிடெரோவோட நூல் எல்லாம் ஜெர்மனுக்குக் கொண்டு வந்தாரு.

சரி, நாம எப்படி ஆரம்பிக்கிறது?

நம்ம ஆபீஸ்ல இருக்கிற பழைய பிரமாணத்துல, அதாவது சொத்துப் பத்திரத்துல இருந்தே ஆரம்பிங்க. 1956க்கு முன்னாடி நம்ம ஊரு திருவிதாங்கூர்ல இருந்ததால எத்தனையோ ஆதாரம் மலையாளத்துல கெடக்கு. ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டு வரி வரியா தமிழ்ல எழுதுங்க. தேதி கொல்லம் ஆண்டுல, அதாவது மலையாள வருஷக் கணக்குல இருக்கும், இங்கிலீஷ் வருஷம் கண்டுபிடிக்க சிங்ஙத்துல (ஆகஸ்ட் நடுவுல பிறக்கிற முதல் மாசம்) இருந்து டிசம்பர் முடியிற வரைக்கும்னா 824 கூட்டணும், ஜனவரியில இருந்துன்னா 825, தனு மாசம் (மார்கழி) ரெண்டு இங்கிலீஷ் வருஷத்துலயும் விழும், அதனால அதுல நாளையும் பாத்துக்கோங்க. நாலெல்லை எழுதுறப்போ கிழக்கு எல்லை வாக்கியம் நல்லா இல்லையேன்னு அதை விட்டுட முடியுமா? விட்டா சொத்தே போச்சு. அந்தப் பயம்தான் நல்ல மொழிபெயர்ப்பாளருக்கு வேணும், கதையிலயும் ஆசிரியர் எழுதின எதையும் நம்ம வசதிக்கு முழுங்கக் கூடாது.

அடுத்து புத்தகம். பேச்சு நெறைய இருக்கிறதா எடுங்க. கதே எடுத்த டிடெரோவோட 'ரமோவின் மருமகன்' முழுக்க ரெண்டு பேரோட உரையாடல்தான், 'நான்' ஒருத்தன், 'அவன்' ஒருத்தன். சாட்சி விசாரணையில கேள்வியும் பதிலும் கேட்டுக்கேட்டுப் பழகின நமக்கு யாரு எப்படிப் பேசுறான்னு காது உடனே பிடிச்சுக்கும். மலையாளத்துல சந்து மேனோனோட 'இந்துலேகா' (1889) நல்ல தேர்வு, அவரும் முன்சீப்பா (கீழ்க்கோர்ட் ஜட்ஜா) இருந்தவரு, ஒரு இங்கிலீஷ் நாவலை மொழிபெயர்க்கப் பாத்து அது சரிவராம சொந்தமா எழுதினதுதான் அது. நம்ம பக்கம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் அப்படித்தான், கோர்ட் தீர்ப்புகளைத் தமிழாக்கினவரு, தமிழ்ல முதல் நாவல் எழுதினதும் அவருதான்.

இனி எழுதுற முறை. 1819ல வந்த 'மேற்கு கிழக்கு திவான்'ங்கிற தன்னோட கவிதை நூலோட குறிப்புகள்ல கதே மொழிபெயர்ப்பை மூணு வகையாப் பிரிக்கிறாரு. ஒண்ணு, சாதாரண உரைநடையில விஷயத்தைச் சொல்லிடுறது. ரெண்டாவது, அந்நிய விஷயத்தை நம்ம ஊருச் சரக்கா மாத்திடுறது. மூணாவது, மூலத்தோட ஒண்ணா நிக்கப் பாக்குறது, வாசகருக்கு முதல்ல கஷ்டமா இருந்தாலும் அதுதான் உச்சம்னு சொல்றாரு. நான் இதை மூணு டிராஃப்டா வச்சுக்கச் சொல்வேன். முதல் டிராஃப்ட்ல அர்த்தம் மட்டும், அழகே வேணாம். ரெண்டாவதுல மூலத்தை மூடி வச்சுட்டு நம்ம வீட்டுல பேசுற மாதிரி எழுதுங்க. மூணாவதுல மறுபடி மூலத்தைத் திறந்து, எங்கெல்லாம் ரொம்ப நம்மூராக்கிட்டோம்னு பாத்துத் திருப்பிக் கொண்டு வாங்க. பெரும்பாலானவங்க ரெண்டாவதோட நிறுத்திடுறாங்க, வாசிக்க சுகமா இருக்கும், ஆனா ஆலப்புழைக்காரன் மார்த்தாண்டத்துக்காரன் மாதிரி பேசிக்கிட்டு நிப்பான்.

ரெண்டாவது டிராஃப்டை வாயால சொல்லுங்க. கதே நெறைய நூல்களை எழுத்தருக்குச் சொல்லித்தான் எழுத வச்சாரு. நாம டைப்பிஸ்ட்டுக்கு பிளெயின்ட் (வழக்கு மனு) சொல்ற மாதிரிதான், இப்போ போன்ல வாய்ஸ் டைப்பிங் இருக்கு, வாய்தா கேட்டு வெளிய வந்து காத்திருக்கிற நேரத்துலயே ஒரு பக்கம் முடிஞ்சுடும். நாக்கு எங்க தட்டுதோ அங்க வாக்கியம் சரியில்லன்னு அர்த்தம்.

எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம்னு ஓரத்துல நம்பர் போட்டுக்கிட்டே வாங்க, இதை லேசா நினைக்காதீங்க. டிடெரோ நூலை கதே கையெழுத்துப் பிரதியில இருந்துதான் மொழிபெயர்த்தாரு, 1805ல ஜெர்மன் வந்தப்போ பிரெஞ்சு மூலம் அச்சுலயே இல்ல. 1821ல பிரெஞ்சுக்காரங்க கதேயோட ஜெர்மனையே திரும்பப் பிரெஞ்சாக்கி அதைத்தான் மூலம்னு வெளியிட்டாங்க! டிடெரோ கைப்பட எழுதின பிரதி 1890கள் தொடக்கத்துலதான் பாரிஸ்ல ஒரு பழைய புத்தகக் கடையில கெடச்சுது. 1823ல வேறொரு கையெழுத்துப் பிரதியில இருந்து பிரெஞ்சு அச்சுல வர்ற வரைக்கும் ஒரு மொழிபெயர்ப்பு மூலத்தோட எடத்துல நின்னிருக்கு, அந்தப் பொறுப்போட எழுதுங்க.

கடைசியா உரிமை, இது உங்களுக்கே தெரிஞ்ச சட்டம்தான். 1957 காப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு, மொழிபெயர்க்கிற உரிமையும் அதுல அடங்கும். சந்து மேனோன் 1899லயே போயிட்டாரு, அதனால பிரச்சினை இல்ல. இன்னைக்கு எழுதுறவங்களோடதுன்னா ஒரு அத்தியாயத்தை மூணு டிராஃப்டும் முடிச்சு, அதோட சேத்து அனுமதி கேட்டு எழுதுங்க, வாய்வார்த்தையில சரின்னு சொன்னாலும் எந்த மொழிக்கு, எத்தனை வருஷத்துக்கு, எவ்வளவு ராயல்டின்னு கையெழுத்து வாங்கிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்க.